நைஸாக அரைத்த மாத்திரை

டிசம்பர் 2, திங்கள்

நேரமும் நடந்ததும் மட்டும் எழுதினால் போதும் என்று இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார் ஜெசிந்தா சிஸ்டர். எப்போது முழித்தாள், எப்போது தூங்கினாள், காய்ச்சல் உண்டா, வலிப்பு இழுப்பு வந்ததா. "கதை எழுதாண்டாம் அப்பா, நேரம் போட்டு எழுதுங்க" என்றார். பத்தாம் வகுப்பில் நான் தமிழ் ஒன்றில்தான் தேறினேன். என் கையில் பேனாவைக் கொடுத்தால் கதைதான் வரும்.

பெயர் தமயந்தி. வயது இருபத்து நாலு. என் மகள். ஆகஸ்டில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து தலையில் அடி. மூன்று மாதம் ஆஸ்பத்திரி. பத்து நாளாக ஈரோட்டுக்கு வெளியே இந்தப் பராமரிப்பு இல்லம். பேச்சு இல்லை. விழுங்க முடியாது என்பதால் வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். கஞ்சி, தண்ணீர், மருந்து எல்லாம் அதன் வழியாக.

அப்பன் பெயர் சென்னியப்பன். கவுந்தப்பாடியில் மாவு மில். காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறேன். என் சம்சாரம் ரங்கநாயகிக்கு முழங்கால் மடங்காது, பஸ் ஏற முடியாது. அவள் போனில் வருவாள். மில் பூட்டியிருக்கிறது. பெல்ட் இல்லை.

8.50 முழிப்பு. 10.00 விரல் பயிற்சி. என் விரலைத் தமயந்தியின் வலது கையில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். ஒரு அழுத்து என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. சிஸ்டர் பழக்கியது.

"அப்பன் இங்கயே இருக்கட்டுமா அம்முணி?" ஒன்று.

"அப்பன் வீட்டுக்குப் போயிறட்டுமா?" இரண்டு.

"அப்பன் ஒரு பாட்டுப் பாடட்டுமா?" இரண்டு, வேகமாக.

புத்தி முழுசாக இருக்கிறது.

டிசம்பர் 4, புதன்

குழாய் அடைத்துக்கொண்டது.

காலை ஒன்பது மணி மருந்து. கொடுத்தவள் மரகதம். அந்தியூர்க்காரி, நாற்பது வயதிருக்கும். இங்கே பதினாலு பேருக்கு அவளும் இன்னொருத்தியும்தான் ஆயா. மூன்று மாத்திரையையும் ஒரே காகிதத்தில் வைத்து டம்ளர் அடியால் நசுக்கி, கஞ்சியிலேயே கலக்கிச் சிரிஞ்சில் ஏற்றினாள். பாதியில் நின்றது. அழுத்தினாள், போகவில்லை. இன்னும் பலமாக அழுத்தப் போனவளின் கையைச் சிஸ்டர் ஓடிவந்து பிடித்தார்.

"பலம் காட்டப்பிடாது. குழாய் கிழிஞ்சா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்."

வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்துக் கொஞ்சம் தள்ளுவதும் கொஞ்சம் இழுப்பதுமாக 9.20-க்கு ஆரம்பித்தார். 10.30 வரை நான் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகளுக்கு இருப்பது அந்த ஒரு வழி. அது பென்சில் தடிமன்தான். அதிலே ஒரு மாத்திரைத் துண்டு பாறையாகக் கிடக்கிறது. தமயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக் காட்டினேன். என் சிரிப்பைப் பார்த்து அவள் இன்னும் பயந்திருப்பாள்.

கடைசியில் விட்டது. வெளியே வந்த துணுக்கை விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷத் தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"இது ரவைப் பதமுங் சிஸ்டர். நைஸ் போகோணும்."

டிசம்பர் 5, வியாழன்

வீட்டிலிருந்து மருந்து அரைக்கிற சின்னக் கல்வத்தைக் கொண்டுவந்தேன். தமயந்தி கைக்குழந்தையாக இருந்தபோது ரங்கநாயகி வசம்பு உரைத்தது. சிஸ்டர் முன்னால் ஒரு மாத்திரையை அரைத்து வேட்டித் துணியில் சலித்துக் காட்டினேன். அவர் பொடியைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பவுடர் கம்பெனிக்காரன் தோத்துப் போவான் கேட்டியளா" என்றார். இந்த வருஷத்தில் என்னை ஒருவர் மெச்சியது இதுதான் முதல்.

சிஸ்டர் சொன்ன முறை: கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். முதலில் தண்ணீர். அப்புறம் ஒரு மருந்து. தண்ணீர். அடுத்த மருந்து. மறுபடி தண்ணீர். ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. கஞ்சியில் கலக்கவே கூடாது. கல்யாணப் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவன்கூட இத்தனை தடவை ஊற்றமாட்டான்.

கட்டிலுக்கு மேலே சுவரில் மருந்துப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து. சி, ஆர். சிலவற்றுக்குப் பெருக்கல் குறி.

"சி ஆர்னா என்னங் சிஸ்டர்?"

"க்ரஷ். அரைக்கலாம்னு அர்த்தம். பெருக்கல் போட்டத அரைக்கப்பிடாது."

இழுப்புக்கான மருந்து சிரப். அதை நேராக விடலாம், அரைக்கிற வேலை இல்லை. மற்ற மூன்று மாத்திரைக்கு இன்று முதல் நான்தான் இல்லத்தின் ஆஸ்தான மில். தமயந்திக்கு மட்டும், சிஸ்டர் கண் முன்னால் மட்டும்.

டிசம்பர் 9, திங்கள்

8.45 முழிப்பு. இழுப்பு இல்லை. குழாய் ஓடுகிறது.

ரங்கநாயகி பேசினாள். போனைத் தமயந்தி காதில் வைத்தேன். "அம்முணி, அப்பன் உன்னையத் தொந்தரவு பண்றாரா?" ஒரு அழுத்து. அதைச் சொன்னேன். "உங்க வாய்க்கும் ஒரு குழாயப் போட்டு அடைக்கச் சொல்லுங் சிஸ்டர்கிட்ட" என்றாள். சிரித்துவிட்டு, "பெல்ட்டு வாங்கி மாட்டி மில்லத் தெறங். எத்தன நாளைக்குங் பூட்டி வெப்பீங்?" என்று கேட்டாள். டவர் சரியில்லை என்று வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 14, சனி

இன்று ஒன்றும் நடக்கவில்லை. இப்படி ஒரு வரி எழுதக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

டிசம்பர் 19, வியாழன்

சிஸ்டர் கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவில் போகிறார். ஜனவரி இரண்டாம் தேதி வருவார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "புதுசா எந்த மருந்து வந்தாலும் எனக்கு ஒரு போன் போட்டுட்டுத்தான் குழாயில விடணும். சத்தியம் பண்ணுங்க."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் தலையில்தான்.

டிசம்பர் 20, வெள்ளி

இழுப்புச் சிரப் தீர்ந்தது. மருந்துக் கடையில் ஸ்டாக் இல்லை, வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாத மருந்து.  "அதே மருந்து மாத்திரையா இருக்குதுங்" என்று கடைக்காரர் ஒரு பட்டையில் நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்து, தீரத் தீர வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். பழைய சிரப் பாட்டிலையும் பட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். பெயர் ஒன்றுதான். பெயரை அடுத்துப் பெரிய எழுத்தில் இருந்தது என்ன? சி, ஆர்.

கம்பெனிக்காரனே அச்சடித்து அனுப்பியிருக்கிறான், அரைக்கலாம் என்று. சிஸ்டர் இப்போதுதான் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். சின்ன விஷயத்துக்கு எதற்குத் தொந்தரவு?

கெட்டியான மாத்திரை. கல்வத்தில் வழுக்கி வழுக்கி ஓடியது. அரைத்ததும் பிசுபிசுவென்று ஒட்டியது. நான் விடுவேனா? மூன்று தடவை சலித்தேன். முதல் தரமான நைஸ்.

டிசம்பர் 21, சனி

"அண்ணா, ராத்திரி ஒம்பது மணிக்கு உண்டானதையும் நீங்களே அரைச்சு மடிச்சு வெச்சுட்டுப் போயிருங்ணா. பதினாலு பேத்துக்கும் ஓடி ஓடி எனக்குக் காலே இல்லீங்ணா" என்றாள் மரகதம். ஆளில்லாத நேரம் பார்த்து மாத்திரைப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். விபூதிப் பொட்டலம் மாதிரி மடித்துப் பெயர் எழுதி வைத்தேன். வெளியாள் மருந்துப் பெட்டியைத் தொடக் கூடாது என்பது இங்கே சட்டம். நான் வெளியாளா? அப்பன்.

டிசம்பர் 22, ஞாயிறு

9.00 மருந்து. 9.40 தூக்கம். 1.15 முழிப்பு. நல்ல தூக்கம். பாவம், அசந்து தூங்கி எத்தனை நாளாயிற்று.

டிசம்பர் 23, திங்கள்

9.35 தூக்கம். 1.50 முழிப்பு. விரல் பயிற்சி செய்யவில்லை. கண் திறந்திருந்தது, கை கொழகொழவென்று இருந்தது. மார்கழிக் குளிர்.

டிசம்பர் 25, புதன்

காலை வந்ததும் மரகதம் சொன்னாள். "அஞ்சே முக்காலுக்கு ஒரு இழுப்பு வந்துச்சுங்ணா. ரெண்டு நிமிஷம். அதுவாவே நின்னு போச்சு."

மூன்று வாரமாக வராதது. ஒரு நோயாளியின் மகன் எல்லோருக்கும் கேக் கொடுத்தான். கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிசைந்து போயிற்று.

9.00 மருந்து. 9.30 தூக்கம். 2.05 முழிப்பு.

டிசம்பர் 26, வியாழன்

இழுப்பு 6.20, 7.45. இரண்டும் நான் வருவதற்கு முன்னால்.

பஸ்ஸில் வரும்போது கைப்பேசி அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. எடுக்காமல் விடவும் பயமாக இருக்கிறது. இன்று அடித்தது ரங்கநாயகி. சட்னிக்குத் தேங்காய் வாங்கி வரச் சொல்வதற்கு. அந்தத் தேங்காய்க்கு நான் பதில் சொன்ன லட்சணத்தில் அவளும் பயந்துவிட்டாள்.

டிசம்பர் 28, சனி

இன்று என் கண் முன்னால் வந்தது. 8.35.

முதலில் வலது தோள் துடித்தது. கண் இரண்டும் இடது பக்கம் ஒதுங்கிச் சுவரில் எதையோ பார்ப்பது போல நின்றுவிட்டன. பிறகு உடம்பு முழுவதும். கட்டில் கம்பி கிடுகிடுவென்று சத்தம் போட்டது. மில் ஓடும்போது ஒரு நட்டு கழன்றால் இப்படித்தான் ஆடும். மெயினை அணைத்துவிடலாம். இதற்கு மெயின் எங்கே இருக்கிறது?

மரகதம் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தாள். அவள் கை நடுங்கவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத வேண்டுமே என்று. ஐந்து நிமிஷம். அந்த முள் நகரவில்லை என்று சத்தியம் செய்வேன்.

டாக்டர் வந்தார். நிர்மல் என்று பெயர். வாட்சைப் பார்த்தபடியேதான் பேசுவார். "மருந்து ஒழுங்கா போகுதா?" என்றார். மரகதம் "போகுதுங் சார்" என்றாள். நானும் தலையாட்டினேன். நாளைக் காலை மருந்துக்கு முன்னால் ரத்தம் எடுத்து, அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

"அம்முணி, அப்பன் தெரியுதா?" விரலை வைத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி வைத்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

5.50 இழுப்பு. 9.00 மருந்து. 9.30 தூக்கம். 2.20 முழிப்பு.

மருந்து போனதும் தூங்குகிறாள். அடுத்த மருந்து வருவதற்கு முன்னால் இழுக்கிறது. இதில் ஏதோ ஒரு முறை இருப்பது போலத் தெரிகிறது. பழைய பக்கங்களைப் புரட்டி என்றிலிருந்து என்று பார்க்கலாம். பார்க்கவில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கண்ணாடி இல்லாமல் இதை எப்படி எழுதுகிறேன் என்று யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.

டிசம்பர் 31, செவ்வாய்

இதை எழுதும்போது ராத்திரி மணி பத்தரை. இல்லத்து வராந்தா பெஞ்சில் இருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை டாக்டர் வந்தார். ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லையாம். மேனேஜரையும் மரகதத்தையும் கூப்பிட்டார். "இது மாத்திரை போன ரத்தம் இல்ல. யாரோ வேளை வேளையா குடுக்காம விட்டிருக்காங்க" என்றார்.

"ஒரு வேளைகூட விடலைங் சார். எம் பையன் மேல சத்தியமா."

"அப்ப மாத்திரை எங்கம்மா போச்சு? நடந்து போச்சா?"

மேனேஜர் மரகதத்தை நாளையோடு வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார். டாக்டர் மருந்தை இரட்டையாக்கி எழுதினார். இன்று ராத்திரியிலிருந்து வேளைக்கு இரண்டு.

வராந்தாவில் மரகதம் என்னை நிறுத்தினாள். முகம் கழுவியிருந்தாள். "அண்ணா, நீங்க அரைச்சுக் குடுத்தத மட்டும் சொல்லிறாதீங்ணா. வெளியாள் கையில பெட்டியக் குடுத்தேன்னு அதையும் சேத்து எழுதீருவாங்க. அப்பறம் எங்கியும் வேலைக்கு எடுக்க மாட்டாங்க."

சரி என்றேன். அவளுக்காகத்தான் சரி என்றேன்.

நாலு மணிக்கு மருந்துக் கடை. நிறைய வேண்டும் என்பதால் கத்தரிக்காமல் முழு அட்டைப்பெட்டியாகவே கொடுத்தார்கள். பெட்டியை மரகதத்திடம் கொடுத்து, இரண்டு மாத்திரை வாங்கி அரைத்துச் சலித்துப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டு, ஆறு மணிக்குப் பஸ் ஏறினேன். பெட்டிக்குள் நாலாக மடித்து ஒரு காகிதம் இருந்தது, குப்பை என்று சட்டைப் பையில் போட்டது. ஜன்னலோரச் சீட்டு. சும்மா பிரித்தேன். முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இரண்டு எழுத்தைத் தேடினேன். மேலேயே சி, ஆர் இருந்தது. பக்கத்தில் ஏதோ இரண்டு நீள வார்த்தை. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், அதில் க்ரஷ் இல்லை. க்ரஷ் கீழே இருந்தது. கறுப்பாக, பெரிய எழுத்தில். சி, ஆர், யு, எஸ், எச். அதற்கு முன்னால் நாட். அதற்கு முன்னால் டூ.

அரைக்காதே.

பஸ்ஸுக்குள் எல்லாம் அப்படியே இருந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். ஒரு அம்மா முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை என் காலடியில் வைத்தார்.

பதினோரு நாள். காலையும் இரவும். மூன்று தடவை சலித்து. மரகதம் அரைத்திருந்தால் ரவையாகவாவது இருந்திருக்கும். இப்போது அங்கே ஒரு பொட்டலம் காத்திருக்கிறது, இரட்டையாக, என் கையெழுத்தில் தமயந்தி பெயர் போட்டு.

மரகதத்துக்குப் போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தாள். வேலை நேரத்தில் போன் பெட்டியில் பூட்டியிருக்கும். ஆபீஸ் எண்ணுக்கு அடித்தேன். "சொல்லுங்க, யாரு?" என்றார் மேனேஜர். நான் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று எழுதினால்தான் இந்த நோட்டு நோட்டு. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, "ஈரோட்டுல இருந்து வர்றப்ப மில்லுக்குப் பெல்ட்டு வாங்கீட்டு வந்துரு அம்முணி" என்று போன் செய்தது நான். "மழை வருதுங்ப்பா, நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றாள். "தூறல்தானே" என்றேன். இது ரங்கநாயகிக்குத் தெரியாது. அந்தப் பெல்ட் ரோட்டில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தது போலீஸ். அதை யார் கண்ணிலும் காட்டாமல் ஒளித்துவிட்டேன். ஒரு தடவை அப்பன் செய்தது போதாதா? இது இரண்டாம் தடவை.

ஒன்பது மணிக்குத்தானே மருந்து, நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்தோடு போயிற்று. அடுத்த நிறுத்தமும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. மூன்று நிறுத்தம் நான் உட்கார்ந்தே இருந்தேன். நாலாவதில் எழுந்து இறங்கினேன். திரும்புகிற பஸ் உடனே வரவில்லை. செங்கல் ஏற்றிப்போன ஒரு டெம்போவைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவரிடம் "எம் புள்ளைக்கு மருந்து" என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

7.50-க்கு உள்ளே நுழைந்தேன். மரகதம் தட்டோடு முதல் கட்டில் அருகே நின்றாள். தட்டில் பொட்டலம் இருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரைய அரைச்சது நானுங். ராத்திரிப் பொட்டலமும் நான் மடிச்சதுதானுங். அரைக்கக் கூடாத மாத்திரைங். இந்தம்மா ஒரு வேளைகூட விடலைங்."

மரகதம் என்னைப் பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தமயந்தி கட்டிலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

மேனேஜர் டாக்டருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். "எத்தனை நாளா?" என்றார் டாக்டர். சொன்னேன்.  பிறகு, "அந்தப் பொட்டலம் உங்க கையில இருக்கா?" என்றார். "இருக்குதுங்." "உள்ள போகல?" "போகலைங்." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து சிரப்பை எடுத்து ஆள் அனுப்பினார். ஒன்பது மணிக்குச் சிரப் போயிற்று. நான் வெளியே வந்து உட்கார்ந்தேன்.

ரங்கநாயகிக்கு இரண்டையும் சொல்லிவிட்டேன். பெல்ட்டையும்.  அவள் போனை வைக்கவில்லை. 

ஜனவரி 1, புதன்

5.30 இழுப்பு, ஒரு நிமிஷம். சிரப். தண்ணீர். நான் எதையும் தொடவில்லை.

ஜனவரி 2, வியாழன்

சிஸ்டர் வந்துவிட்டார். பையைக்கூடக் கீழே வைக்காமல் பட்டியல் முன்னால் போய் நின்றார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து தயாராக இருந்தேன்.

"சி ஆர்னு எழுதினது என் கையாக்கும்" என்றார்.

"நானுங் சிஸ்டர், சத்தியம் பண்ணீட்டு..."

"அது வேற, அதுக்கு உங்களுக்குத் தனியா இருக்கு." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கம்பெனிக்காரன் போடுற சி ஆருக்கு அர்த்தம் வேற. உங்க ஊர்ல வாய்க்காலுக்கு மடை உண்டுமில்லா? பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா விடுறதுக்கு மாத்திரைக்கும் மடை கட்டி வச்சிருக்கான். நீங்க மடைய வெட்டி விட்டிய. மொத்தத் தண்ணியும் ஒரே நேரத்துல பாஞ்சு பிள்ளையத் தூக்கத்துல முக்கிச்சு. அப்புறம் வாய்க்கால் வறண்டு போச்சு. வறண்டப்ப இழுப்பு."

"ரெண்டு மாத்திரை போயிருந்தா?"

"அதக் கேக்காண்டாம் அப்பா."

பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்தார். புதுத் தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். "தமிழ்ல பாஸானவருதான? எழுதுங்க." ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே, அவர் சொல்லச் சொல்ல, 'பொடிக்கலாம்', 'பொடிக்கக் கூடாது' என்று எழுதினேன். பதினாலு கட்டிலுக்கும். கை வலித்தது.

மரகதத்தை வேலையை விட்டு எடுக்கவில்லை. இனி இப்படி நடக்காது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். என் கல்வத்தைச் சிஸ்டர் பீரோவில் வைத்துப் பூட்டினார். இனி எனக்குத் தண்ணீர் இலாகா மட்டும்.

ஜனவரி 3, வெள்ளி

டாக்டர் இந்த நோட்டைக் கேட்டார். நின்றபடியே முழுவதும் படித்தார். 'நல்ல தூக்கம்' என்று நான் எழுதிய இடத்தில் பேனாவால் கோடு போட்டார். "இத முன்னாடியே நான் பாத்திருக்கணும்" என்றார். அவரைப் பற்றி எழுதியதையும் படித்திருப்பார் போல. போகும்போது வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜனவரி 5, ஞாயிறு

மூன்று நாளாக இழுப்பு இல்லை. 9.10 முழிப்பு, பகல் முழுக்க முழிப்பு. ஆனால் விரல் இல்லை. பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு வைத்துப் பார்த்தேன். கண் என்னைப் பார்க்கிறது. பார்க்கிறதா, என் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்தப் பதினோரு நாளில் உள்ளே எதையாவது அரைத்துவிட்டேனா? சிஸ்டரிடம் கேட்டேன். "காத்திருக்கணும்" என்றார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் சிரிப்பது வழக்கம். இன்று சிரிக்கவில்லை.

மரகதம் ஐந்து நாளைக்கு அப்புறம் இன்று பேசினாள். "தண்ணி அம்பதுதான் சொன்னாங்க, அம்பத்தஞ்சு ஊத்தீட்டீங்கண்ணா. தண்ணியயும் நைஸா அரைச்சு ஊத்துவீங்களோ?" வாங்கிக்கொண்டேன். இனிப்பாக இருந்தது.

ஜனவரி 8, புதன்

8.40 முழிப்பு. 9.00 தண்ணீர், சிரப், தண்ணீர். இழுப்பு இல்லை.

பத்து மணிக்கு விரலை வைத்தேன். கேள்வி எதையும் கேட்கவில்லை. மாத்திரையைச் சொன்னேன், சி, ஆர் இரண்டெழுத்தையும் சொன்னேன். பஸ்ஸில் மூன்று நிறுத்தம் சும்மா இருந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அப்பன் மேலதான தப்பு, அம்முணி?"

ஒன்று. மெதுவாக, ஆனால் அழுத்து. நான் கையை இழுக்காமல் இரண்டாவதற்காகக் காத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போயிற்று. வரவில்லை.

"அன்னைக்கு மழையில பெல்ட்டு வாங்கச் சொன்னதும்?"

ஒன்று.

பதினெட்டு நாளைக்குப் பிறகு என் மகள் என்னோடு பேசுகிறாள். இரண்டு வார்த்தை பேசினாள், இரண்டும் உண்மை. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. மரகதம் அடுத்த கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் விட்டுவிடலாம் என்றும் இருந்தது.

"அப்பறம்... அப்பன் வீட்டுக்குப் போயிறட்டுமா? இனி வராம இருந்துக்கட்டுமா?"

ஒன்று.

அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் எனக்கு மூச்சு இல்லை.

இரண்டு.

11.00 தண்ணீர் ஐம்பது மில்லி. இறங்கியது.